கரையோரக் காற்றும் முன்னறிவிப்பும்: கற்பிட்டி, அறுகம்பை, வல்வெட்டித்துறை பற்றிய சில குறிப்புகள்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல்சார் முன்னறிவிப்பை வானொலியிற் கேட்டுப் பழகியவர்களுக்கு அதன் நடை மனப்பாடமாகியிருக்கும். புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கரைக்கு அப்பாலுள்ள கடற்பரப்பு என்று ஓர் எல்லை வகுக்கப்படும்; காற்று தென்மேற்குத் திசையிலிருந்து வீசும் எனப்படும்; வேகம் மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர், இடையிடையே இத்தனை வரை உயரலாம் என்று அறிவிப்பு முடியும். ஒரு வாக்கியத்துக்குள் பல மாவட்டங்களின் கடல் அடங்கிவிடுகிறது. அவ்வாக்கியம் பொய்யன்று, பரந்த கடலைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியானதே. ஆயினும் கற்பிட்டிக் கரையில் நின்றுகொண்டு, இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு இந்த இடத்திற் காற்று எப்படியிருக்கும் என்று கேட்பவருக்கு அது விடையாகாது.

இக்கேள்வியை எழுப்புவோர் இன்று இரு சாரார். ஒரு சாரார் மீனவர். தலைமுறை தலைமுறையாக இதற்கு விடை தேடி வருபவர்கள் அவர்கள். விடை பிழைத்தால் வலையையும் வள்ளத்தையும், சில வேளைகளில் உயிரையும் இழப்பவர்கள். மறு சாரார் காற்றையும் அலையையும் நம்பி விளையாடுவோர். பெரிய பட்டமொன்றின் இழுவையாற் பலகைமீது நின்று நீரிற் சறுக்கிச் செல்லும் கைற்சேர்பிங், அறுகம்பையின் அலைச்சறுக்கு, பாய்வள்ள ஓட்டம், தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் ஏற்றப்படும் பட்டம் ஆகிய யாவும் இவ்வகையினவே. ஆய்விதழொன்றில் விளையாட்டைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால், ஒரு குறிப்பிட்ட கரையில் ஒரு குறிப்பிட்ட மணிநேரத்தில் வீசும் காற்றை அறிய வேண்டும் என்று இன்று மிக உரத்துக் கேட்பவர்கள் இவர்களே. அவர்களுடைய கேள்வி மீனவரின் பழைய கேள்வியேயாகும். அதற்கு விஞ்ஞானம் எவ்வளவு தூரம் விடை கூறும், எவ்விடத்திற் கரையோர மக்களின் அனுபவ அறிவு அதற்குத் துணைநிற்க வேண்டியுள்ளது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னறிவிப்பு என்ற ஏற்பாடே கடலில் மாண்டவர்களின் பெயரால் தோன்றியது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். 1859 ஒக்டோபரில் வேல்ஸ் நாட்டின் அங்கிள்சீ தீவின் கரையில் ‘றோயல் சாட்டர்’ என்னும் கப்பல் புயலில் மோதி உடைந்து நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். டார்வினை ஏற்றிச் சென்ற ‘பீகிள்’ கப்பலின் தலைவராக முன்னர் இருந்த றொபேட் பிற்ஸ்றோய், இதன் பின்னர் 1861இல் தந்தி மூலம் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையை ஏற்படுத்தினார். அவ்வாண்டே பத்திரிகையில் நாளாந்த முன்னறிவிப்பும் வெளிவரலாயிற்று. 1865இல் அவர் இறந்த பின்னர், இவற்றுக்குப் போதிய விஞ்ஞான அடிப்படை இல்லை என்று அறிஞர் குழுவொன்று கூற, 1866இல் அவை நிறுத்தப்பட்டன. எச்சரிக்கை மீண்டும் வேண்டும் என்று வற்புறுத்தியவர்களுள் கரையோரத்துக் கடற்றொழிலாளர் முக்கியமானவர்கள்; 1867இல் அது திரும்பவும் வந்தது. அறிஞர் குறை கண்ட ஒன்றை, குறையுடையதாயினும் பயனுடையது என்று தொழிலாளர் கண்டுகொண்டமை சிந்திக்கத்தக்கது.

அலை பற்றிய முன்னறிவிப்பின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில், படைகளைக் கடற்கரையில் இறக்குவதற்கு உகந்த நாளை அறியும் பொருட்டு ஹறல்ட் ஸ்வெர்ட்றப், வோல்டர் மங்க் ஆகிய இருவரும் அலை முன்னறிவிப்பு முறையொன்றை வகுத்தனர். 1944இல் நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு அது பயன்பட்டது. இன்று அறுகம்பையில் அலைச்சறுக்குவோர் கைத்தொலைபேசியிற் காணும் எண்கள் அம்முறையின் வழிவந்தவையே. காற்றாடிகளுக்கென உருவான ‘விண்ட்குரு’, ‘விண்டி’ என்னும் இரு புகழ்பெற்ற சேவைகளும் கடலே இல்லாத செக் நாட்டிற் பிறந்தன என்பது ஒரு வேடிக்கை. கடலுக்கு விடுமுறையிற் செல்பவர்களே கடற்காற்றை முன்கூட்டி அறிய அதிகம் தவிப்பர் போலும்!

காற்றின் வேகத்தைக் கடலோடிகள் நொட் என்னும் அலகாற் கூறுவர். ஒரு நொட் என்பது மணித்தியாலத்துக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீற்றர். கருவியில்லாதவர்க்குப் பிரான்சிஸ் போபோட் 1805இல் வகுத்த அளவை இன்றும் உதவும். அலைமுடிகளில் ஆங்காங்கே வெண்ணுரை தோன்றின் அது மூன்றாம் நிலை. எங்கும் அடிக்கடி தோன்றின் நான்காம் நிலை, 11 முதல் 16 நொட். மிதமான அலைகள் நீண்டு, வெண்ணுரை நிறைந்து, சிறிது நீர்த்திவலையும் பறக்குமாயின் ஐந்தாம் நிலை, 17 முதல் 21 நொட். இங்கு மனங்கொள்ள வேண்டிய விதி ஒன்றுண்டு. பட்டத்தின் மீதோ பாயின் மீதோ காற்றுச் செலுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 15 நொட் காற்று 20 நொட்டாகும்போது வேகம் மூன்றிலொரு பங்கே உயர்கிறது. விசையோ ஏறத்தாழ எண்பது வீதம் உயர்ந்துவிடும். 25 நொட்டாயின் விசை முன்னையதன் இரண்டே முக்கால் மடங்கு. எனவே ஐந்து நொட் பிழையை முன்னறிவிப்பாளர் சிறு பிழை என்பர். பன்னிரண்டு சதுர மீற்றர்ப் பட்டத்தைக் கையிற் பிடித்து நிற்பவர் அவ்வாறு கருதமாட்டார்.

இனிக் கற்பிட்டியை நோக்குவோம். மேற்கே திறந்த கடலும், கிழக்கே முந்நூறு சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட புத்தளம் களப்பும் இருக்க, அவற்றிடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம் அது. அங்கு மே முதல் ஒக்டோபர் வரை ஒரு காற்றுக்காலமும் டிசம்பர் முதல் மார்ச் வரை இன்னொரு காற்றுக்காலமும் உண்டு. முன்னையது தென்மேற்குப் பருவக்காற்று, மீனவர் பேச்சிற் சோளகம். பின்னையது வடகீழ்ப் பருவக்காற்று, அதாவது வாடை. பெயரளவில் இரண்டும் பருவக்காற்றுகளேயாயினும் கற்பிட்டிக் கரையில் அவற்றின் நடத்தை பெரிதும் வேறுபடும்.

சோளக காலத்திற் கற்பிட்டியிற் காற்று ஏன் அவ்வளவு வலிமையாகவும் ஒழுங்காகவும் வீசுகிறது? முதற் காரணம் நில அமைப்பு. இந்து சமுத்திரத்திலிருந்து வரும் தென்மேற்குக் காற்றுக்கு ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையும், மறுபுறம் 2,524 மீற்றர் உயர்ந்த பீதுறுதாலகாலையை உச்சியாகக் கொண்ட இலங்கையின் மத்திய மலைநாடும் தடையாக நிற்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வாயில் மன்னார் வளைகுடா. மலைகளைச் சுற்றி ஒதுங்கும் காற்று அவ்வாயிலூடாக நெருங்கிப் புகுகையில் வேகம் பெறுகிறது. ஒழுங்கையொன்றில் திறந்த வெளியிலும் பார்க்கக் காற்று வேகமாக வீசுவதை நாம் அறிவோம், இதுவும் அத்தகையதே, ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அளவில் நிகழ்கிறது. மாம்புரியிலும் மன்னாரிலும் காற்றாலைகள் நிறுவப்பட்டமைக்கு இந்த வாயிலே காரணம். மன்னாரில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ நிலையத்தின் முப்பது காற்றாலைகளைச் சுழற்றும் காற்றும், கற்பிட்டியில் விளையாட்டுப் பட்டத்தை இழுக்கும் காற்றும் ஒன்றே.

இரண்டாவது காரணம் நாளாந்தமானது. காலையில் சூரியன் நிலத்தைச் சூடாக்கும்போது கடல் அவ்வளவு விரைவிற் சூடாவதில்லை. நிலத்தின்மேல் வளி விரிந்து எழ, அமுக்கம் குறைய, கடலிலிருந்து குளிர்ந்த வளி கரைநோக்கி வருகிறது. பாடப்புத்தகத்திற் படித்த இக்கடற்காற்று கற்பிட்டியில் மேற்கிலிருந்து வரும். பருவக்காற்றோ தென்மேற்கிலிருந்து வருகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கத்தன. ஒன்று மற்றொன்றை வலுப்படுத்தும். அத்தோடு, இரவில் நிலத்தையடுத்துக் குளிர்ந்து கனத்துப் படிந்துகிடக்கும் வளிப்படை, மேலேயுள்ள வேகமான காற்றைத் தரையிலிருந்து பிரித்து வைத்திருக்கும். வெயிலேற அப்படை கலைந்து, மேலே ஓடிய காற்றின் வேகம் கீழே இறங்கும். ஆகவேதான் காலையில் மெல்லென இருந்த காற்று முற்பகல் செல்லச் செல்ல எழும்பி, பிற்பகலில் உச்சமடைந்து, மாலையில் தணிகிறது. காற்று எழும்புகிறது, விழுகிறது என்று மீனவர் கூறுவது வெறும் உருவகமன்று. அதிகாலையில் வள்ளம் இறக்கிக் காற்று எழும்பு முன்னர் கரை சேர்வது என்ற தொழில் ஒழுங்கே இந்நாளாந்த ஏற்றவிறக்கத்தின் மீது கட்டப்பட்டது.

வாடைக் காலத்தில் நிலைமை மாறுகிறது. பருவக்காற்று இப்போது நிலத்தையும் களப்பையும் கடந்து மேற்குக் கடலுக்குள் வீசுகிறது. பிற்பகலில் எழும் கடற்காற்று அதற்கு எதிர்த்திசையினது. ஒன்றையொன்று அடக்கப் பார்க்கும். வாடை வலுத்த நாளிற் கடற்காற்று தோற்கும். வாடை தளர்ந்த நாளிற் காற்றுத் திசைமாறும், அல்லது இரண்டுமின்றி நீர் கண்ணாடிபோற் கிடக்கும். சோளகத்தின் நாட்களை முன்கூட்டிச் சொல்வது எளிது. இப்போட்டியின் முடிவை முன்கூட்டிச் சொல்வது கடினம். மேலும் ஓர் அபாயம் இங்கு உண்டு. சோளகத்திற் பட்டம் அறுந்தாலோ பலகையை விட்டாலோ காற்று ஒருவரைக் கரைக்கே தள்ளிவரும். வாடையில் அதே விபத்து அவரை நடுக்கடலுக்குக் கொண்டுசெல்லும். கரையோரத்தில் நீர் அமைதியாகத் தோன்றுவதும் இவ்வபாயத்தின் ஒரு பகுதியே: நிலத்திலிருந்து புறப்படும் காற்றுக்குக் கரையருகே அலையெழுப்ப இடமில்லை, சிறிது தூரம் சென்ற பின்னரே அதன் முழு வலிமை தெரியும். களப்பிற் பழகியோர் வாடைக்காலத்தில் மேற்குக் கடலைத் தவிர்ப்பதன் நியாயம் இதுதான்.

இவ்வளவையும் கணினி அறியாதா என்று கேட்கலாம். ஓரளவு அறியும். உலக வானிலையைக் கணிக்கும் மாதிரிகள் வளிமண்டலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அமுக்கம், வெப்பநிலை, காற்று என்பவற்றைக் கணிக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் உலக மாதிரி நாளொன்றுக்கு நான்கு முறை கணிக்கப்பட்டு, எவரும் இலவசமாகப் பெறத்தக்கதாக வெளியிடப்படுகிறது. அதன் முடிவுகள் பொதுவாக ஏறக்குறைய 25 கிலோமீற்றர் இடைவெளியிற் கிடைக்கும். ஐரோப்பிய மாதிரியின் கட்டம் ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். கற்பிட்டி நிலமோ சில கிலோமீற்றர் அகலமே உடையது. பெரிய கட்டமொன்றினுள் கடலும் மணலும் தென்னந்தோப்பும் களப்பும் எல்லாம் கலந்து ஒரேயொரு சராசரி நிலமாகிவிடுகின்றன. அம்மாதிரியின் கண்ணுக்குக் கற்பிட்டி என்றொரு நிலமே இல்லை என்றாலும் தவறாகாது. ஆனால் கைத்தொலைபேசியில் ஊரின் பெயருக்கு நேரே 17 நொட் என்று ஓர் எண் அச்சொட்டாகத் தோன்றுகிறது. அவ்வெண் பல நூறு சதுர கிலோமீற்றரின் சராசரி என்பதை அது தெரிவிப்பதில்லை. எண்ணின் நுணுக்கத்தை அறிவின் நுணுக்கமாக மயங்குவது நம் காலத்தின் பொதுநோய். வானிலையில் மட்டும் அது இல்லாதிருக்குமா?

கட்டத்துக்குள் மறைந்துபோகும் சில சிறு காரணங்களை இங்கே குறிப்பிடலாம். வானிலை நிலையங்கள் காற்றைப் பத்து மீற்றர் உயரத்தில் அளக்கின்றன. தரையோடு உராய்வதால் அதற்குக் கீழே வேகம் குறையும், மேலே கூடும். இருபது மீற்றருக்கு மேற்பட்ட கயிற்றில் ஆடும் பட்டமும், நீர்மட்டத்தில் நிற்கும் மனிதனும் ஒரே காற்றில் இல்லை. தோப்பொன்றின் பின்னால் மர உயரத்தின் பத்து முதல் இருபது மடங்கு தூரம் வரை காற்றுக் குழம்பி வரும். இருபது மீற்றர்த் தென்னைகளாயின் இருநூறு மீற்றருக்கு அப்பாலும் அதன் கொந்தளிப்பு உணரப்படும். தாழ்ந்த மணற்றிட்டியைக் கடந்து வரும் காற்றோ பெரிதாகக் குழம்புவதில்லை. ஆனால் அலையைத் திட்டி தடுத்துவிடும். கடுங்காற்றும் தட்டையான நீரும் ஒருங்கே கிடைக்கும் கற்பிட்டியின் சிறு களப்புகள் விளையாட்டுக்குப் பெயர்பெற்றதன் இரகசியம் இது. இவை யாவற்றையும் அவ்விடத்தில் வாழ்பவர் கண்ணாற் காண்பர்.

கிழக்கே அறுகம்பையில் இதே பருவம் முற்றிலும் வேறு முகம் காட்டுகிறது. அங்கு வேண்டப்படுவது காற்றன்று, அலை. மே முதல் ஒக்டோபர் வரையான காலத்தில் தென்னிந்து சமுத்திரத்தின் தொலைதூரப் புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள் இக்கரையை வந்தடைகின்றன. பதினைந்து விநாடிக்கு ஒன்றாக வரும் அலைத்தொடர் ஆழ்கடலில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 42 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது நாளுக்கு ஆயிரம் கிலோமீற்றர் பயணம் செய்யும். ஐயாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் எழுந்த அலை ஐந்து நாள் கழித்தே பொத்துவிலுக்கு வரும். எனவே அதன் வருகையை ஐந்து நாள் முன்பே கூறிவிடலாம். ஆனால் வந்த அலை ஒழுங்காக மடியுமா, குழம்பிச் சிதறுமா என்பதைத் தீர்மானிப்பது அன்றைய உள்ளூர்க் காற்று. நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும் காற்று அலையின் முகத்தை நிமிர்த்திச் சீராக்கும். கடலிலிருந்து வரும் காற்று அதைக் கலைக்கும். தூரத்து அலை நாட்கணக்கில் முன்னறியப்படுகையில், அருகிலுள்ள காற்று மணிக்கணக்கிலேயே அறியப்படுகிறது என்பது இத்துறையின் விசித்திரங்களுள் ஒன்று.

அந்த நிலக்காற்றுக்குக் கிழக்கிலங்கை வைத்த பெயர் கச்சான். சோளக காலத்திற் காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது அமுக்கப்பட்டு வெப்பமும் வரட்சியும் பெறுகிறது. ஐரோப்பிய அல்ப்ஸ் மலைப்பகுதியில் இவ்வகைக் காற்றை பொன் என்பர். யூன், யூலை மாதங்களில் மட்டக்களப்பிலே கச்சான் வலுத்தால் கடற்காற்றையே வரவிடாது தடுத்து, வெப்பநிலையை 38 பாகை செல்சியஸ் வரை உயர்த்திவிடும். இச்சொல் மட்டக்களப்பின் பெயரோடு சேர்ந்து சர்வதேச வளிமண்டலவியற் சொல்லடைவில் இடம்பெற்றுள்ளது. நம் பாடப்புத்தகங்கள் பொன் காற்றை விளக்கும் அளவுக்குக் கச்சானை விளக்குகின்றனவா என்பது வேறு விடயம். அறுகம்பையிற் காலையில் அலைச்சறுக்குவோர் விடியுமுன் எழுந்து கடலுக்குச் செல்வதும், பிற்பகலிற் பலகையைச் சுவரிற் சாத்திவிட்டு இருப்பதும், கச்சானுக்கும் கடற்காற்றுக்கும் இடையில் நாள்தோறும் நிகழும் இப்போட்டியினாலேயே. கச்சான் வெல்லும் நாளிற் பகல் முழுவதும் அலை சீராயிருக்கும். ஆனால் வெயிலில் நிற்க முடியாது.

வல்வெட்டித்துறைக்கு வருவோம். பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டியை இன்று நாடு முழுவதும் அறியும். அப்பட்டங்களின் கலைத்திறன் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவற்றை ஏற்றும் காற்றைப் பற்றி எழுதியோர் குறைவு. ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை வடபகுதிக்குப் பெருமழை தரும் காலம். தை பிறக்கும்போது மழை தணிந்து வாடை நிலைகொள்கிறது. வடகரையிலுள்ள வல்வெட்டித்துறைக்கு வாடை கடலின் மீதிருந்தே நேராக வருகிறது. வழியில் மரமோ மேடோ இல்லை. ஆகவே கொந்தளிப்புக் குறைந்த சீரான காற்று. குடாநாட்டின் உட்பகுதியில் அதே காற்று பனந்தோப்புகளையும் வீடுகளையும் கடந்து வரும்போது குத்திட்டுக் குழம்புகிறது. பெரும் பட்டங்கள் கடற்கரையில் ஏற்றப்படுவதற்குப் பார்வையாளருக்கான இடவசதி மட்டும் காரணமன்று.

பட்டத்தை இரவிலும் விட்டுவைப்பது வடபகுதி வழக்கம். தரையில் இலை அசையாத இரவிலும் மேலே பட்டம் நிற்பதையும் விண் கூவுவதையும் சிறுவயதில் வியந்து கேட்டவர்கள் பலர் இருப்பர். முன்னர்க் கூறிய குளிர்ந்த வளிப்படையே இதற்கும் காரணம். அது தரையை மூடிக் கிடக்கையில், அதற்கு மேலே உராய்வின் தடை நீங்கிய காற்று தடையின்றி ஓடும். விண் என்பது வேகத்தை ஒலியாக மாற்றும் கருவி. காற்று வலுத்தாற் கூவல் வலுக்கும், தளர்ந்தால் அடங்கும். படுக்கையிற் கிடந்தவாறே நூற்றுக்கணக்கான அடி உயரத்திலுள்ள காற்றை அளந்தறிய ஒரு சமூகம் கண்ட உபாயம் என்று இதைக் கூறின் மிகையாகாது. முச்சை கட்டும் கோணத்தைக் காற்றுக்கேற்ப மாற்றும் கைத்திறனும் இத்தகைய அளவீட்டின் மீதே நிற்கிறது.

இக்காற்றுகளின் பெயர்கள் திசைப்பெயர்கள் மட்டுமல்ல. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்ற ஒவ்வொன்றும் ஒரு திசையையும், ஒரு பருவத்தையும், நாளின் ஒரு பகுதியையும், எந்தக் கரை கலங்கும் எந்தக் கரை அமைதியடையும் என்ற செய்தியையும் சேர்த்துச் சொல்வன. வாடைக்கு வடகரை கலங்கும். சோளகத்துக்கு அது அடங்கும். மீனவர் பருவந்தோறும் கரைமாறி வாடியமைப்பது இதனாலேயே. புவியியலாளரான செங்கை ஆழியான் தமது நாவலொன்றுக்கு ‘வாடைக்காற்று’ என்று பெயரிட்டதிற் பொருளுண்டு.

ஆயினும் முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் என்ற மனப்பான்மைக்கு இங்கு இடமளிக்கலாகாது. அனுபவ அறிவு நாள்தோறும் ஆண்டுதோறும் திரும்ப நிகழ்வதில் வல்லது. அரிதாக நிகழ்வதில் வலுவற்றது. 1964 டிசம்பரில் மன்னாரையும் தனுஷ்கோடியையும் தாக்கிய சூறாவளியும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும் ஒரு மனிதரின் வாழ்நாளில் ஒருமுறை வருவன. அவற்றுக்கு முன்னுணர்வு தரும் அளவுக்கு ஊர்நினைவில் உதாரணங்கள் சேர்வதில்லை. 2017 நவம்பர் இறுதியில் இலங்கைக்குத் தென்மேற்கே உருவான ‘ஒக்கி’, ஒரு நாளளவிற் சூறாவளியாக வலுத்தது. அதற்கு முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி மாவட்ட, கேரள மீனவருக்கு எச்சரிக்கை எட்டவில்லை, நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அவர்கள் கடலை அறியாதவர்களல்லர். 2011 நவம்பர் 25ஆம் திகதி நமது தென்கரையில் எழுந்த கடுங்காற்றிற் பல மீனவர் மாண்டதும் இவ்வாறே. பெரும் நிகழ்வுகளைக் காண்பதற்குச் செய்மதியும் கணினியும் வேண்டும். கட்டத்துக்குட் சிறுத்த நிகழ்வுகளைக் காண்பதற்குக் கரையில் நிற்பவரின் கண் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதுவதிலேயே தவறு தொடங்குகிறது.

இரண்டுக்கும் இடையில் எவருக்கும் எளிதிற் பிடிபடாத ஒரு நிகழ்வும் உண்டு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், பருவக்காற்று ஓய்ந்த இடைக்காலங்களில், பிற்பகலில் நிலத்தின்மேல் மேற்காவுகையால் இடிமுகில்கள் எழுகின்றன. முகிலிலிருந்து மழையோடு கீழே விழும் குளிர்ந்த வளி தரையில் மோதி நாற்புறமும் பரவும். அதன் முன்விளிம்பு கரையைக் கடக்கும்போது காற்றுத் திசைமாறி, சில நிமிடங்களில் இருமடங்காக வலுக்கலாம். எந்த இடத்தில் எந்த நிமிடத்தில் என்பதை மாதிரிகள் கூறமாட்டா. ஆனால் அடையாளங்கள் உண்டு: கருமுகிலின் தட்டையான அடி, வெயிலிடையே திடீரெனப் படும் குளிர்காற்று, தூரத்து நீரில் நுரைத்து முன்னேறும் வெண்கோடு. இவற்றுள் முதலாவதைக் கண்டவுடனே பட்டத்தை இறக்குபவர் பிழைப்பார். மூன்றாவதைக் கண்டபின் இறக்க முயல்பவருக்கு நேரம் போதாது.

இந்த அறிவு இன்று எவரிடம் எவ்வாறு பகிரப்படுகிறது என்ற கேள்வியைத் தவிர்த்தல் நேர்மையாகாது. விளையாட்டுக்காக வருபவரின் கையில் நான்கைந்து மாதிரிகளின் எண்கள் உள்ளன. அவை பெரும்பாலும் ஆங்கிலத்திலும் நொட் அலகிலும் அமைந்தவை. அதே கரையில் வலை இழுப்பவருக்குக் கிடைப்பது பல மாவட்டங்களின் கடலை ஒன்றாக்கிய அந்த ஒரு வாக்கியம். விளையாட்டுக் காலத்தில் கரையில் நிறுவப்படும் காற்றளவி விடுதியின் கூரையில் இருக்கும், இறங்குதுறையில் இருப்பதில்லை. இதிற் தீய எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. பணம் செல்லும் வழியிற் கருவியும் செல்கிறது, அவ்வளவே. அதேவேளை, மீனவக் குடும்பங்களிற் பிறந்த இளைஞர் சிலர் கற்பிட்டியிலும் அறுகம்பையிலும் பயிற்றுநராகத் தொழில்புரிகின்றனர். தந்தையிடம் கேட்ட காற்றின் பெயரையும் தொலைபேசியிற் காணும் எண்ணையும் ஒரே தலையில் வைத்திருப்போர் இவர்கள். மாதிரி 15 என்று கூறும் சோளக நாளில், காலை வெயிலின் தன்மையையும் முகிலையும் பார்த்து, இன்று பிற்பகல் இருபதுக்கு மேலேறும் என்று இவர்கள் திருத்துவது மாயமன்று. முற்கூறிய கடற்காற்றை அவர்கள் கணக்கிற் சேர்க்கிறார்கள், மாதிரி போதிய அளவு சேர்க்கவில்லை.

இத்திருத்தங்களை எழுத்திற் பதிவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. காலை ஆறு மணி, நண்பகல், பிற்பகல் மூன்று மணி, மாலை ஆறு மணி என நான்கு வேளையும் காற்றின் திசை, போபோட் நிலை, முகில், கடலின் தோற்றம், அவ்வூரார் அன்றைய காற்றுக்குச் சொல்லும் பெயர், அதே நேரத்துக்கு மாதிரி கூறிய எண் ஆகியவற்றை ஒரு பேரேட்டில் ஓராண்டு குறித்து வந்தால், அவ்வூருக்கு மாதிரி எப்பருவத்தில் எவ்வேளையில் எவ்வளவு பிழைக்கிறது என்பது தெரிந்துவிடும். கரையோரப் பாடசாலையொன்றின் உயர்தரப் புவியியல் மாணவர்கள் இதைச் செய்யலாம்; யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில் ஆகிய இடங்களிலுள்ள பல்கலைக்கழகங்கள் அவற்றைத் தொகுக்கலாம். ஒலுவிலிலிருந்து அறுகம்பை ஒரு நாளிற் சென்று திரும்பக்கூடிய தூரமே. பதிவேட்டின் பிரதியொன்று இறங்குதுறையில் தொங்க வேண்டும். மீன் விற்ற பின்னர் வள்ளக்காரர் அதைப் பார்த்து, இந்த நாள் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது என்று கூறுவாராயின் அதையும் அருகிற் குறித்துக்கொள்ள வேண்டும்.